அக்டோபரில் மேற்கே சாயும்

"வந்துச்சா?"

ரமணன் கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தாதி ஒருத்தி, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய மகனையோ மகளையோதான் கேட்கிறார் என்று நினைத்து, தாரணியைத் தனியாக அழைத்து விசாரித்தாள். பிள்ளைகள் இல்லை என்றாள் தாரணி. அப்புறம் யாரைக் கேட்கிறார் என்றதற்கு, ஒரு துணைக்கோள் எடுத்த படத்தைக் கேட்கிறார் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், மருந்து தலைக்கேறிவிட்டது என்று அந்தப் பெண் எழுதிவைத்திருப்பாள். அதனால் ஒரு பார்சல் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தையும் அவை நகர்வதையும் அளப்பதுதான் கணவன் மனைவி இருவருக்கும் வேலை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆய்வுக்குழு, எதிரெதிர் மேசை. நட்சத்திரம் பார்க்கிற வேலை என்று காதில் விழுந்த மாத்திரத்தில் மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ரமணன், "நாங்க எடத்தை மட்டும்தான் சொல்லுவோம், பலன் சொல்லமாட்டோம்" என்று ஒரே வரியில் அனுப்பிவைக்கப் பழகிக்கொண்டான்.

வெறுங்கண்ணுக்கு நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்பதுபோல் இருந்தாலும் எல்லாமே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தூரத்தில் இருப்பது மெதுவாக ஓடுவதாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது வேகமாக. அதோடு ஒரு சின்ன ஆட்டமும் உண்டு. மூக்குக்கு நேரே விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பார்த்தால் விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுகிறதல்லவா? அதேபோல் பூமி சூரியனைச் சுற்றிவரும்போது, பக்கத்து நட்சத்திரம் அரை வருடம் கிழக்கே கொஞ்சம் சாயும், அரை வருடம் மேற்கே கொஞ்சம் சாயும். எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். ரமணன் தன் வயதில் பாதியை இந்தச் சாய்வை அளப்பதில்தான் கழித்தான்.

அவன் கண்டுபிடித்தது ஒரு மங்கலான புள்ளி. நட்சத்திரமாக முயன்று, பற்றிக்கொள்ளாமலே போன அடுப்புக்கரி மாதிரியான சாதி அது. ஒளி கிடையாது, இளஞ்சூடு மட்டும் உண்டு. கண்ணால் பார்க்கவே முடியாது. அந்தச் சூட்டை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, உணரக்கூடிய துணைக்கோளுக்குத்தான் தெரியும். அந்தத் துணைக்கோள் வானத்தின் ஒவ்வொரு மூலையையும் அரை வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். அப்படி நான்கு முறை பார்த்ததில் புள்ளி நான்கு இடங்களில் இருந்தது. அந்த வேகத்தில் ஓடுகிறதென்றால் அது சூரியனுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறது என்று பொருள். இத்தனை காலமாக யார் கண்ணிலும் படாத அண்டை வீட்டுக்காரன்.

இன்னொரு முறை அளந்து காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறோம் என்றார்கள் மற்ற ஆராய்ச்சியாளர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் கெட்ட காலம் வந்தால் தனியாகவா வருகிறது? துணைக்கோளுக்கு வயதாகிவிட்டது, அணைக்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அதே மாதம் மஞ்சள் காமாலை என்று டாக்டரிடம் போன ரமணன், கணையத்தில் புற்று என்று தெரிந்து திரும்பி வந்தான். அணைவதற்கு முன்னால், அக்டோபர் முதல் வாரத்தில், துணைக்கோள் கடைசியாக ஒருமுறை அந்த மூலையைப் பார்த்துவிட்டது. படமும் பூமிக்கு இறங்கிவிட்டது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அதைச் சரிபார்த்து வெளியே விட வேண்டிய வெளிநாட்டு நிலையம் ஆடி அசைந்துகொண்டிருந்தது.

"இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுட்டுப் போயிட்டா போதும்," என்று ரமணன் ஒருநாள் தாரணியிடம் சொன்னான். அவள் காதில் "இருக்கா" மட்டும்தான் விழுந்தது.

படம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. பஃபலோ ரோட்டு வீவக அடுக்குமாடி வீட்டில் தாரணி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தேக்கா சந்தையில் தீபாவளி வியாபாரம் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. மாமியார் ரத்தினம்மா பிடோக்கிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, மகனுக்கு ரசம் வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். மகன் ஒரு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. அது தெரிந்தும் ஃபிளாஸ்க் நிறைய ஊற்றினார்.

தாரணிக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ரமணன் கணக்குப்படி புள்ளி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. புள்ளி படத்தில் இல்லாமலும் இல்லை. முதல் தடவை எந்த இடத்தில் இருந்ததோ, அந்த இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. ஓடுகிற நட்சத்திரம் ஓடிக்கொண்டே போகும், யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி வராது. ஐந்து படங்களையும் எடுத்து, ஒரு நட்சத்திரத்துக்குப் பதிலாக இரண்டு நட்சத்திரங்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை கச்சிதமாகப் பொருந்திய கணக்கை அவள் இதுவரை வெறுத்ததில்லை.

ரத்தினம்மா மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபிளாஸ்கை மூடாமலே வந்து நின்றார். "என்னம்மா? வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அத்தே."

"இருக்கா?"

தாரணி சன்னல் பக்கம் கையைக் காட்டினாள். சிராங்கூன் சாலையின் தீபாவளி விளக்குகள் பகலில் அணைந்து வெறும் கம்பியாகத் தொங்கின. "ராத்திரி அந்த லைட்டு ஓடுற மாதிரி தெரியும்ல அத்தே? நெசமா அது எங்கயும் ஓடல. ஒண்ணு மங்கும், பக்கத்துல இருக்கிறது எரியும். தூரத்துல நின்னு பாத்தா ஏதோ ஒண்ணு ஓடுற மாதிரி இருக்கும். அதுதான் இங்கயும். ரொம்ப தூரத்துல ரெண்டு நட்சத்திரம், மாறி மாறி மங்குது. துணைக்கோளுக்கு ரெண்டும் சேர்ந்து ஒரே புள்ளியாதான் தெரியும். பிரகாசம் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போனதை, நட்சத்திரமே நகருதுன்னு நெனச்சுட்டோம்."

ரத்தினம்மா யோசித்தார். "அப்போ அவன் சொன்னது?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல அத்தே."

ரத்தினம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். நட்சத்திரக் கணக்கு அவருக்கு விளங்காமல் இருக்கலாம், மகனின் கணக்கு நன்றாகவே விளங்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் குறைந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவனை வளர்த்தவர். "இருக்குன்னு சொல்லிடு," என்றார்.

"அத்தே..."

"அவன் எழுந்து வந்து சரி பாக்கவா போறான்? இன்னும் எத்தனை நாளைக்கு? நீ சொன்னா நம்புவான். ஒரு வார்த்தைதானேம்மா. ஏதோ ஒண்ணு கெடைச்சுதுன்னு நெனச்சுக்கிட்டுப் போகட்டும்."

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்குழுவிலிருந்து யாசர் ஃபோனில் கூப்பிட்டான். அவனும் படத்தைப் பார்த்திருந்தான். "நான் வந்து சொல்லவா தாரணி? உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் லா," என்றான். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். என்ன சொல்லப்போகிறாள் என்பதை அவனிடம் சொல்லவில்லை. அதிலிருந்தே தான் முடிவெடுத்துவிட்டது அவளுக்கே புரிந்தது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். ரயிலில் மாமியாருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே தாரணி தன் பொய்யைப் பொருத்திக்கொண்டு வந்தாள். சொன்ன இடத்தில் அச்சுப் பிசகாமல் இருந்தது என்றால் ரமணன் சந்தேகப்படுவான். உண்மையான அளவு ஒருபோதும் அப்படி வராது, கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும். அதனால் கொஞ்சம் தள்ளி வைத்தாள். போன ஏப்ரலில் எடுத்த நாலாவது படம் அவள் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் புள்ளி கிழக்கே சாய்ந்திருந்தது. அதையே பின்பற்றிக் கிழக்கே தள்ளிவைத்தாள்.

அவர்கள் போனபோது ரமணன் விழித்திருந்தான். முகம் எலும்பாகவும் கண்ணாகவும் மிஞ்சியிருந்தது. ரத்தினம்மா ஃபிளாஸ்கையும் கைப்பேசியையும் கட்டிலோரத்து மேசையில் வைத்தார். தனியாக இருக்கும்போது கணவனை நீ என்று பேசுகிற தாரணி, மாமியார் முன்னால் நீங்க என்பாள். அந்த மரியாதை அன்றைக்கு உதவியாக இருந்தது. அவனை நீ என்று சொல்லி அந்தப் பொய்யை அவளால் சொல்லியிருக்க முடியாது.

"வந்துடுச்சுங்க," என்றாள்.

ரமணன் தலையைத் தூக்கப் பார்த்தான். "பாத்தியா?"

"பாத்தேன். இருக்கு. நீங்க சொன்ன எடத்துலயே இருக்கு."

"அதே எடத்துலயா?"

"கொஞ்சம் தள்ளி. எரருக்குள்ளதான்."

"எந்தப் பக்கம் தள்ளி?"

"கிழக்கால."

ரமணன் அவளையே பார்த்தான். பிறகு தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினான். "இருக்காம்மா," என்றான். சிரித்தான்.

"நான்தான் சொன்னேனேடா, இருக்கும்னு," என்ற ரத்தினம்மாவின் குரல் பாதியில் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மார்சிலிங்ல இருக்குற உன் அத்தைக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிட்டு வந்துடுறேன்," என்று வெளியே போனார்.

கதவு சாத்திக்கொள்ளும்வரை ரமணன் காத்திருந்தான்.

"தாரணி, இது என்ன மாசம்?"

டாக்டர்கள் இப்படிக் கேட்பதுண்டு. மருந்தில் புத்தி குழம்பியிருக்கிறதா என்று பார்க்க மாசம் என்ன, கிழமை என்ன என்பார்கள். இவனே கேட்கிறானே, குழம்பிவிட்டானோ என்று அவளுக்குப் பகீரென்றது. "அக்டோபர். தீபாவளி வருதே."

"அக்டோபர்ல அது எந்தப் பக்கம் சாயும்?"

தாரணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏப்ரலில்தான் கிழக்கு. அக்டோபரில் மேற்கே சாயும். பூமி அதற்குள் சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். ரமணன் காலமெல்லாம் அளந்தது அதைத்தான், அவள் அவனுக்காகப் பிழை களைந்து கொடுத்த அளவுகளெல்லாம் அதுதான். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத மாணவன் அந்தப் பிழையைச் செய்திருந்தால் இருவரும் சேர்ந்தே சிரித்திருப்பார்கள்.

"கிழக்கால இருந்துச்சுன்னா அது நம்ம நட்சத்திரம் இல்ல," என்றான் ரமணன். மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினான். "எனக்கு எத்தனை வருஷமா டேட்டா கொடுத்திருக்க. ஒரு நம்பரைத் தொட்டது கிடையாது நீ. இப்போ சொல்லு."

"திரும்பி வந்துடுச்சு ரமணா."

அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. "மொத எடத்துக்கா?"

"ம்."

"ரெண்டா?"

"ரெண்டு. மாறி மாறி மங்குது. அஞ்சு படத்துக்கும் சரியா வருது."

ரமணன் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. நோய் என்று தெரிந்த நாளில்கூட அவன் அழவில்லை. தாரணிக்கு அவனைத் தொடப் பயமாக இருந்தது. தொட்டால் தட்டிவிடுவானோ என்று நினைத்தாள். பிறகு தட்டிவிட்டால் விடட்டும் என்று முதுகில் கை வைத்தாள். எலும்பு கையில் இடறியது.

"கோபமா?"

"கோபம்தான்," என்றான் திரும்பாமலே. "தெரிஞ்சுக்கணும்னுதானே கேட்டேன். சந்தோஷப்படணும்னா கேட்டேன்?"

"நீ சந்தோஷமா போகணும்னு..."

"போறதுல என்ன சந்தோஷம் இருக்கு, தாரணி."

அவள் குனிந்து அவன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அவன் தட்டிவிடவில்லை. சொட்டுமருந்துக் குழாய் செருகியிருந்த கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, அவள் தலையில் வைத்தான்.

கொஞ்சம் தெளிந்ததும் வேலைப் பேச்சுக்கு வந்துவிட்டான். "யாசரை வெச்சு நீயே எழுது. இல்லன்னு எழுது. ரெண்டு மங்கல் நட்சத்திரம் சேர்ந்து எப்படி ஏமாத்துதுன்னு விவரமா எழுது. எம்பேரை மொதல்ல போடு."

"எதுக்கு?"

"ஏமாந்தவன் நான்தானே."

அந்தக் கட்டுரை அவன் போன பிறகு, அடுத்த ஆண்டுப் பொங்கல் கழிந்து வெளிவந்தது. பெயரை எடுத்துவிடலாமே, பாவம், அவருக்கு ஏன் கெட்ட பெயர் என்று யாசர் தயங்கித் தயங்கிக் கேட்டான். தாரணி முடியாது என்றுவிட்டாள். ரமணன் பெயர்தான் முதலில் இருக்கிறது. எத்தனையோ பேர் இருக்கிறது இருக்கிறது என்று எழுதிப் பேர் வாங்கும் துறையில், தான் தேடியது இல்லை என்று தன் பெயரில் எழுதிவிட்டுப் போனவன் அவன்.

ஆனால் அன்றைக்கு அவன் கடைசியாகச் சொன்னது கட்டுரையைப் பற்றி அல்ல.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. நம்பிட்டாங்க பாவம். எவ்வளவு சந்தோஷமா ஃபோன் பண்ணப் போனாங்க பாத்தியா? அவங்களுக்கு அது இருந்துட்டுப் போகட்டும்."

தாரணி வாயெடுத்தாள். கட்டிலோரத்து மேசையில், ஃபிளாஸ்குக்குப் பக்கத்தில், ரத்தினம்மாவின் கைப்பேசி வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் யாருக்கும் ஃபோன் பண்ணப் போகவில்லை. உன் அம்மாவுக்குக் காலையிலேயே எல்லாம் தெரியும், சொல்லச் சொன்னதே அவர்தான் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் ஒரு பொய்க்குப் பிடிபட்டு நிற்கிறாள், இதையாவது மறைக்காமல் இருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லிப் பழகாதவன், முதல்முறையாக, அம்மாவுக்காக ஒன்று கேட்கிறான். தாரணி போர்வையை இழுத்து அவன் மார்புவரை போர்த்திவிட்டாள். "சரி," என்றாள். கைப்பேசியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ரத்தினம்மா முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். காதோரம் நரைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. "சொல்லிட்டேன்டா. மார்சிலிங் அத்தைக்குத் தலைகால் புரியல. எம் மருமகன் மருமகன்னு ஒரே பெருமை," என்று சொல்லியபடி நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாருக்கும் சொல்றேன், நான் பாக்க வேணாமா? எங்கடா இருக்கு, காட்டு."

பட்டப்பகல். சன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே வெள்ளைக் கூரை, அதில் குளிர்காற்று வருகிற ஓட்டை. ரமணன் கையைத் தூக்கினான்.

"அதோம்மா. அங்க."

"உங் கல்யாணத்துல ஐயர் அருந்ததியைக் காட்டித் தெரியுதான்னு கேட்டாரு," என்றார் ரத்தினம்மா, மேலே பார்த்துக்கொண்டே. "மண்டபத்துக்குள்ள, அதுவும் பகல்ல, எவனுக்குத் தெரியும்? எல்லாரும் தெரியுதுன்னுட்டுச் சாப்பிடப் போவாங்க. நீ ஒருத்தன்தான்டா சபைக்கு முன்னால தெரியலன்னு சொன்ன. எனக்கு மானமே போச்சு."

ரமணன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது. "இப்போ தெரியுதும்மா."

ரத்தினம்மா மகன் விரல் காட்டிய இடத்தை நெடுநேரம் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமாடா ராசா. எனக்கும் தெரியுது."

மகன் தன்னை நம்பிவிட்டான் என்று தாய்க்கு நிம்மதி. தாய் தன்னை நம்பிவிட்டாள் என்று மகனுக்கு நிம்மதி. இரண்டையும் தெரிந்துகொண்டு நடுவில் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று தாரணி யாரிடம் சொல்வாள்? தூக்கிய கை தளர்ந்து விழப்போனது. அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். விரல் இன்னும் கூரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கும் தெரியுதாம்மா?" என்று ரத்தினம்மா கேட்டார். ரமணனும் அவளைப் பார்த்தான்.

"தெரியுது அத்தே," என்றாள் தாரணி.

எந்தப் பக்கம் என்று ரமணன் இந்த முறை கேட்கவில்லை.